‘லேன்’ எப்போது சந்து, எப்போது தடம், எப்போது ஒழுங்கை?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ‘லேன்’ என்றால் சந்து என்று அகராதி சொல்கிறது. அப்படியானால் ‘ஃபோர் லேன் ரோடு’ என்பது நான்கு சந்துச் சாலையா? பஸ் லேன், ஷிப்பிங் லேன், மெமரி லேன், நீச்சல் குளத்து லேன் எல்லாம் எங்கிருந்து வந்தன? ஸ்ட்ரீட், ஆலி ஆகியவற்றிலிருந்து லேன் எப்படி வேறுபடுகிறது? தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் படம் ஒன்றுதான்: இரண்டு பக்கமும் எல்லை கட்டி, நடுவில் ஒடுக்கமாக நீண்டு போகும் வழி. எல்லை வேலியாக இருக்கலாம், வீட்டுச் சுவராக இருக்கலாம், தார் ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடாக இருக்கலாம், தண்ணீரில் மிதக்கும் கயிறாக இருக்கலாம். இருபுறமும் வரிசையாக நிற்கும் ஆட்களாகக்கூட இருக்கலாம். கூட்டம் விலகி நடுவில் ஆள் போக இடம் விட்டால் அதையும் ஆங்கிலத்தில் லேன் என்பார்கள். எனவே தமிழாக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது?’ என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டும் இடத்தில் தமிழில் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ‘பாதை’ என்று போடுவது பெரிய இழப்பு.

பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல் இது. டச்சு மொழியில் இதன் உறவுச்சொல் ‘லான்’. ஆனால் அங்கே அதற்கு இருபுறமும் மரம் வைத்த அகன்ற சாலை என்று பொருள். அகலம் மாறிப்போனாலும் இருபுறமும் வரிசை கட்டிய எல்லை மட்டும் அந்த மொழியிலும் அப்படியே நிற்கிறது.

வேலிகளுக்கு நடுவே

இங்கிலாந்தில் நகரத்துக்கு வெளியே லேன் என்றால் ஒரு கார் போகும் அகலத்தில் வளைந்து வளைந்து போகும் நாட்டுப்புறச் சாலை. இருபுறமும் உயிர்வேலி. டெவன் பகுதியில் மண்கரை எழுப்பி அதன்மேல் வேலிச்செடி வளர்த்திருப்பார்கள். காருக்குள் உட்கார்ந்தால் பச்சைச் சுவர் தவிர ஒன்றும் தெரியாது. நூற்றாண்டுக் கணக்கில் வண்டியும் மாடும் மழைநீரும் அரித்து, பக்கத்து வயலைவிடத் தாழ்ந்துபோன லேன்களும் உண்டு. அவற்றுக்கு ‘ஹாலோவே’ என்று பெயர். தார் போடாதது ‘கிரீன் லேன்’.

இந்தச் சாலைகளில் ஆங்காங்கே ஒதுங்கிக்கொள்ள இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் நம் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஏறி நிற்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிர்வண்டி அதற்குள் ஒதுங்க விட வேண்டும். இடையில் மாட்டிக்கொண்டால் யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர் பின்னால் எடுப்பது வழக்கம். இத்தகைய லேன் பலவற்றில் மணிக்கு 60 மைல் என்ற பொது வேக வரம்பே சட்டப்படி பொருந்தும். புதிதாகப் போகிறவர்கள் அதை ‘60இல் போகலாம்’ என்று படித்துவிடுகிறார்கள். அது உச்ச வரம்பு மட்டும்தான். அடுத்த வளைவில் ட்ராக்டர் நிற்கும் லேனில் அதில் பாதி வேகமே அதிகம்.

இந்த வகை லேனுக்கு ‘சந்து’ என்று எழுதினால் படம் முற்றிலும் கெட்டுவிடும். வாசகர் மனத்தில் சாக்கடையும் மின்கம்பமும் ஒட்டிய வீடுகளும் வரும். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பழகியவர்களுக்கு இதற்கு ஒரு சொல் கையிலேயே இருக்கிறது: இட்டேரி. இரண்டு தோட்டங்களின் வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம் அது. இருபுறமும் கிளுவை முள்வேலி, இடையிடையே கள்ளியும் கற்றாழையும். தரையில் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளம், நடுவில் மிதிபடாத புல்வரிசை. ஆங்கில நாட்டுப்புற லேனுக்கு அச்சுப் பிசகாத இணை இதுதான். கொங்கு வட்டாரத்துக்கு வெளியே புரியுமா என்ற தயக்கம் நியாயமானது. முதல்முறை ‘வேலிகளுக்கிடையே போகும் இட்டேரி’ என்று எழுதிவிட்டால் அடுத்த வரியிலிருந்து யாருக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒழுங்கை என்று பெயர். கிடுகு (பின்னிய தென்னோலை) வேலிக்கும் பனையோலை வேலிக்கும் நடுவே போன வழிகளுக்கு வழங்கிய சொல், வேலி போய் மதில் வந்த பிறகும் அப்படியே நிற்கிறது. அதிலும் ஒடுங்கியது குச்சொழுங்கை. இலங்கைத் தமிழில் இது வெறும் பேச்சு வழக்கும் இல்லை, முகவரிச் சொல். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து பிரியும் எண்ணிட்ட லேன்களுக்குத் தமிழில் ஒழுங்கை என்றே எழுதுகிறார்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் முகவரியே 57ஆவது ஒழுங்கை என்றுதான் அறியப்பட்டது. இலங்கை முகவரியைத் தமிழ்நாட்டில் அச்சிடும்போது அதைச் ‘சந்து’ என்று திருத்துவது பிழை. ‘ரோடு’ என்பதற்கு அங்கே வீதி, ‘ஸ்ட்ரீட்’ என்பதற்குத் தெரு, ‘லேன்’ என்பதற்கு ஒழுங்கை என்று ஒரு வரிசை நிலைபெற்றிருக்கிறது. அதைக் குலைத்தால் தபால்காரருக்குத்தான் சிரமம்.

சுவர்களுக்கு நடுவே

இருபுறமும் வீட்டுச் சுவர் வந்தவுடன் சந்து சரியான சொல். ஒட்டி நிற்கும் இரண்டு பொருளுக்கு இடையே விட்ட இடைவெளி என்பதே அதன் உயிர்ப்பொருள். அதனால்தான் ‘சந்து கிடைத்தால் நுழைந்துவிடுவான்’, ‘சந்தில் சிந்து பாடுகிறான்’ என்ற வழக்குகளில் தெருவே இல்லாமல் இடைவெளி மட்டும் நிற்கிறது. மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சமான பத்துத் தூண்கள் நிற்கும் இடம் பத்துத்தூண் சந்து. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இதே பொருளில் முடுக்கு என்பார்கள். குறுகிய வழியைக் குறிக்கும் ‘முடுக்கர்’ என்ற பழஞ்சொல்லோடு ஒட்டி நிற்கும் சொல் அது. நெல்லைப் பின்னணியில் கதை எழுதுகிறவர்கள் சந்து என்று போடாமல் முடுக்கு என்றே போட வேண்டும். வடக்கே இதற்குக் ‘கலி’ என்று பெயர். காசிக்குப் போய்வந்தவர்கள் விசுவநாதர் கோயிலுக்குப் போகும் விஸ்வநாத் கலியை மறக்க மாட்டார்கள். ‘கல்லி கிரிக்கெட்’ என்பதில் இருப்பதும் அந்தச் சொல்தான்.

எவ்வளவு ஒடுக்கமாக இருந்தால் லேன்? ஆங்கிலத்தில் அதற்கு அளவு கிடையாது. பக்கத்துத் தெருவைவிடச் சிறியதாக இருந்தால் போதும். ஸ்ட்ரீட் என்றால் இருபுறமும் வீடு, கடை, வாசல்கள் பார்த்து நிற்க வேண்டும். ரோடு என்றால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கோ, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கோ கொண்டுபோக வேண்டும். லேன் வீடுகளுக்கு முன்னும் போகலாம், வெறும் வேலிகளுக்கு நடுவிலும் போகலாம். ஆலி என்பது பெரும்பாலும் கட்டடங்களின் முதுகுப்பக்கம் அல்லது இடுக்கில் போவது. நடந்துபோகும் வழியாக மட்டும் இருக்கலாம், அல்லது அமெரிக்க ஊர்களில் போலக் குப்பை வண்டி வந்துபோகும் பின்வழியாக இருக்கலாம். நடப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் ஊரில் ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். ஆட்டோ நுழைந்து திரும்பிவர முடிந்தால் லேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டுமென்றால் ஆலி என்று கையடக்கமாக வைத்துக்கொள்ளலாம். சட்டமில்லை, ஆனால் பெரும்பாலும் ஒத்துவரும். மறுமுனை அடைத்திருந்தால் ஆங்கிலத்தில் ‘பிளைண்ட் ஆலி’. அதைக் ‘குருட்டுச் சந்து’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். முட்டுச்சந்து என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சந்துக்கும் தெருவுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்திலேயே ஏறிய காலம் ஒன்று உண்டு. 1666 செப்டம்பரில் லண்டனை எரித்த பெருந்தீ புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தொடங்கியது. மரவீடுகள், மாடிகள் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு, மேலே போகப்போக எதிர்வீட்டை நெருங்கி நின்றன. தீ தாண்டுவதற்கு அதிக தூரம் இல்லை. 1667இல் வந்த மறுகட்டுமானச் சட்டம் செங்கல், கல் சுவரைக் கட்டாயமாக்கியது. வீடுகளின் உயரத்தை அவை எந்த வழியைப் பார்த்து நிற்கின்றன என்பதை வைத்தே வகுத்தது: சிறு சந்துகளில் இரண்டு தளம், பேர்பெற்ற லேன்களிலும் தெருக்களிலும் மூன்று, தலைமைத் தெருக்களில் நான்கு. லேன் என்பது அங்கே வெறும் பெயராக இல்லை, வீடு எவ்வளவு உயரலாம் என்பதற்கான அளவுகோலாகவே இருந்தது.

அந்தப் புட்டிங் நாம் சாப்பிடும் இனிப்புப் புட்டிங் இல்லை. அறுத்த கால்நடைகளின் குடலுக்கு அக்காலப் பெயர் அது. ஈஸ்ட்சீப் கசாப்புக் கடைகளிலிருந்து தேம்ஸ் படகுகளுக்குக் கழிவு போன வழி என்பதால் அந்தப் பெயர். இடப்பெயரில் வரும் லேனை மொழிபெயர்க்கவே கூடாது என்பதற்கு இது நல்ல காரணம். ‘இனிப்புச் சந்து’ என்று எழுதினால் இரண்டு பிழை. பார்க் லேன் இன்னொரு காரணம். ஹைட் பார்க்கின் ஓரமாக ஒரு காலத்தில் சிறுவழியாக இருந்தது, 1960களில் அகலப்படுத்தி, நடுவில் பிரிப்போடு பல தடங்கள் ஓடும் பெருஞ்சாலையாகிவிட்டது. பெயர் மட்டும் லேன். பெட்டிகோட் லேனுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே மிடில்செக்ஸ் ஸ்ட்ரீட் என்று பெயர் மாற்றியாயிற்று. சந்தைக்குப் பழைய பெயர்தான் இன்றும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கும் கேம்பல் லேனையும் அப்படியே எழுதுவதுதான் முறை. பினாங்கின் லவ் லேனும் அப்படித்தான். மலாயில் லேனுக்கு ‘லோரோங்’ என்று பெயர். கேலாங் வட்டாரத்தில் எண் போட்ட லோரோங்குகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சொல் தனியாக விளக்க வேண்டியதில்லை.

லேனும் லைனும்

தமிழ் எழுத்தில் ஒரு குறில் நெடில் வேறுபாடுகூட இல்லை, ஏகாரமும் ஐகாரமும் மாறினால் போதும். லேன் என்பது வழி, லைன் என்பது கோடு அல்லது வரிசை. தமிழ்நாட்டு ‘லைன் வீடு’ ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். சென்னை ஜார்ஜ் டவுனின் ‘செகண்ட் லைன் பீச்’ கடற்கரைக்கு இரண்டாவது வரிசை. அது லேன் இல்லை. இலங்கை மலையகத்துத் தோட்டங்களின் ‘லயன்’, ‘லயம்’ எல்லாம் இந்த லைனிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் எழுதும்போது அதை லேன் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது வெறும் எழுத்துப்பிழையாகப் போய்விடாது. ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடந்த அறை வரிசையை, காற்றோட்டமான ஒரு தெருவாக அது மாற்றிவிடுகிறது.

அந்த லயன்களில் இருந்தவர்கள் பறித்த தேயிலை போய்ச்சேர்ந்த இடம் உண்மையிலேயே ஒரு லேன்தான். லண்டனின் மின்சிங் லேனில் 1834 முதல் தேயிலை ஏலம் நடந்தது. பிரிட்டிஷ் தேயிலை வணிகத்துக்கே அந்தத் தெருவின் பெயரை ஆகுபெயராக வழங்கினார்கள். லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூனில் முடிவுக்கு வந்தது. லயன் வேறு, லேன் வேறு என்பதை நினைவில் வைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கோடுகளுக்கு நடுவே

தமிழில் குழப்பம் அதிகம் இங்கேதான், ஏனென்றால் இரண்டு பழக்கங்கள் மோதுகின்றன. ‘ஃபோர் லேன் ரோடு’ என்பதற்கு நான்கு வழிச்சாலை என்று செய்தித்தாள்கள் நிலைநாட்டிவிட்டன. சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை என்றால் இன்று குழந்தைக்கும் தெரியும். நான்கு, ஆறு, எட்டு வரை சிக்கலில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் வரும்போது வண்டி தடம் புரள்கிறது. ‘ஒருவழிப் பாதை’ என்றால் ஒரு திசையில் மட்டும் போகும் சாலை. அதையே ‘சிங்கிள் லேன்’ என்பதற்கும் போட்டால், எதிரே வண்டி வராது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கிராமச் சாலையில் இறங்குவார். ‘டூ லேன்’ என்பதும் ‘டூ வே’ என்பதும் தமிழில் இருவழி என்றே ஆகிவிடுகின்றன. எனவே திசையைச் சொல்லும்போது வழி, அகலத்தைச் சொல்லும்போது தடம் என்று பிரித்துவிடுவது நல்லது: ஒற்றைத் தடச் சாலை, இருதடச் சாலை. நான்கு வழிச்சாலையை அப்படியே விட்டுவிடலாம், ஊரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் அந்த நான்கு என்பது போகவர இரண்டு இரண்டு என்ற கணக்கு. ‘ஒரு பக்கத்துக்கு நான்கு’ என்று சிலர் எழுதுவது தவறு.

பஸ் லேன் இன்னொரு பொறி. தமிழ்நாட்டில் பேருந்தின் நெற்றியில் இருப்பது தடம் எண். அது போகும் ரூட் வழித்தடம். ‘புதிய பேருந்து வழித்தடம் தொடக்கம்’ என்றால் புதிய ரூட் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். பேருந்துக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய பகுதியைப் பேருந்துத் தனித்தடம் என்று எழுதினால் குழப்பம் தீரும். ஓட்டுநர்கள் இதைப் பேச்சில் ‘ட்ராக்’ என்கிறார்கள்: ‘லெஃப்ட் ட்ராக்லயே போ.’ சுங்கச்சாவடியில் மட்டும் அதே ஆட்கள் ‘எந்த லேன் காலியா இருக்கு?’ என்று கேட்பார்கள். உரையாடல் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனித்தால் பேச்சு உயிரோடு இருக்கும்.

அளவுகளைத் தெரிந்துகொண்டால் இந்தப் பொருள் இன்னும் தெளியும். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி ஒற்றைத் தடச் சாலையில் வண்டி ஓடும் பரப்பின் அகலம் 3.75 மீட்டர், இருதடச் சாலை 7 மீட்டர், பல தடச் சாலையில் ஒவ்வொரு தடமும் 3.5 மீட்டர். ஒற்றைத் தடத்துக்கும் இருதடத்துக்கும் இடையில் 5.5 மீட்டர் அகலத்தில் ஓர் இடைநிலைச் சாலையும் உண்டு; கிராமப்புறங்களில் நிறையப் பார்க்கலாம். நம் வாகன விதிகள் பொதுவாக அனுமதிக்கும் உச்ச அகலம் 2.6 மீட்டர். அப்படியொரு லாரி 3.5 மீட்டர் தடத்தின் நட்டநடுவில் போனால் இரண்டு பக்கமும் 45 சென்டிமீட்டர்தான் மிச்சம், கிட்டத்தட்ட ஒரு முழம். ஓட்டுநர் ஒரு முழம் விலகினால் சக்கரம் கோட்டின்மேல். ‘தடத்தில் ஓட்டு’ என்று பலகை வைப்பதன் முழுப்பொருளும் அந்த ஒரு முழத்தில் இருக்கிறது. ஒற்றைத் தடச் சாலையில் இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர் வேண்டும், இருப்பது 3.75. இரண்டு வண்டியும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியே ஆக வேண்டும். தார் ஓரம் உடைந்து பள்ளமாவது பெரிதும் இதனால்தான்.

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது ஓரத் தடம் சாதாரணமாகப் போவதற்கு, நடுத்திட்டை ஒட்டிய வலது தடம் முந்துவதற்கு. ‘ஃபாஸ்ட் லேன்’ என்ற பேச்சு வழக்கு இங்கேதான் தவறாக வழிகாட்டுகிறது. வேகமாகப் போகிறவர்களுக்கென்று பட்டயம் எழுதிக் கொடுத்த தடம் எதுவும் இல்லை. முந்தினால் மறுபடி இடப்பக்கம் வர வேண்டும். பிரிட்டனின் சாலை விதி இதையே சொல்கிறது. அங்கே முந்தாமல் நடுத்தடத்திலேயே உட்கார்ந்திருப்பதற்கு 2013 முதல் அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கலாம். நம் நான்கு வழிச்சாலைகளில் பாரம் ஏற்றிய லாரி வலது தடத்தில் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதமில்லை. இடது தடத்தில் நிறுத்திவைத்த வண்டி, எதிர்த்திசையில் வரும் பைக், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் ட்ராக்டர் ஆகியவற்றுக்குப் பயந்து அவர்கள் நடுத்திட்டை ஒட்டிவிடுகிறார்கள். அதன் விளைவு, பின்னால் வருகிறவர்கள் இடப்பக்கமாக முந்துகிறார்கள். லாரி ஓட்டுநருக்கு இடது ஓரம் கண்ணாடியில் சரியாகத் தெரியாத பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பும்போதுதான் விபத்து.

தடம் மாறுவதை ஆங்கிலத்தில் ‘சேஞ்ச் லேன்ஸ்’ என்று பன்மையில் சொல்வார்கள், ஏனென்றால் விடுவது ஒன்று, சேர்வது ஒன்று. செய்முறை: உள்கண்ணாடி பார், மாறப்போகும் பக்கத்துக் கண்ணாடி பார், இண்டிகேட்டர் போடு, குறைந்தது மூன்று விநாடி பொறு, கண்ணாடியில் விழாத மூலையைத் தலையைத் திருப்பி ஒருமுறை பார், பிறகு ஸ்டீயரிங்கை வெட்டாமல் சாய்வாக நகர். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று விநாடி என்றால் 66 மீட்டர். பின்னால் வருகிறவருக்கு முடிவெடுக்க நாம் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். இண்டிகேட்டரும் ஸ்டீயரிங்கும் ஒரே நேரத்தில் போனால் அந்த இடமும் இல்லை. விட்டுவிட்டு அடித்த கோட்டைப் பாதுகாப்பாக இருந்தால் தாண்டலாம். தொடர்ந்து அடித்த கோட்டைத் தாண்டித் தடம் மாறக்கூடாது. சந்திப்புக்கு முன் தடத்தில் அம்புக்குறி வந்துவிட்டால் அது காட்டும் திசையில் போய்விடுவதே மேல். தவறான தடத்தில் நின்றுவிட்டோம் என்று கடைசி நொடியில் குறுக்கே வெட்டுவதைவிட, நேரே போய் அடுத்த திருப்பத்தில் சுற்றி வருவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மைதானம், தண்ணீர், கடல்

தடகளத்தில் லேனுக்குத் தடம் என்பதே பொருத்தம். தடகளம் என்ற சொல்லிலேயே அது இருக்கிறதே. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். வலப்பக்கக் கோடு அந்தத் தடத்துக்குச் சொந்தம், இடப்பக்கக் கோடு இல்லை. அதனால் வளைவில் இடப்பக்கக் கோட்டை ஒருமுறைக்கு மேல் மிதித்தால் தகுதி இழக்க நேரும். 400 மீட்டர் ஓட்டத்தில் வீரர்கள் படிப்படியாக முன்னே தள்ளி நிற்பதைப் பார்த்து வெளித்தடக்காரருக்குச் சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் தடத்தின் நீளத்தை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்றவற்றை இடப்பக்கக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டாம் தடத்தின் ஒரு சுற்று 7.04 மீட்டர் கூடுதல். அதற்கு மேல் ஒவ்வொரு தடத்துக்கும் 7.67 மீட்டர் கூடும். எட்டாம் தடக்காரர் 53.03 மீட்டர் முன்னே நின்றால்தான் எல்லோரும் ஓடுவது 400.

நீச்சலில் தடம் 2.5 மீட்டர். இடையில் இருக்கும் மிதவைக் கயிறு எல்லை காட்டுவதோடு நிற்பதில்லை. பக்கத்து வீரர் கிளப்பும் அலையையும் உடைக்கிறது. எட்டுத் தடக் குளத்தில் தகுதிச்சுற்றில் முதலாவதாக வந்தவருக்கு நான்காம் தடம், அடுத்தவருக்கு ஐந்து, பிறகு மூன்று, ஆறு என்று நடுவிலிருந்து வெளியே பிரித்துக் கொடுப்பார்கள். பௌலிங் விளையாட்டில் ஆலி, லேன் இரண்டும் உண்டு. விளையாடும் கூடம் முழுவதும் ஆலி, பந்து உருளும் பலகைப்பட்டை ஒவ்வொன்றும் லேன். கூடைப்பந்தில் வளையத்துக்கு முன் வண்ணம் பூசிய செவ்வகமும் லேன்தான். பந்து தன் அணியிடம் இருக்கும்போது தாக்கும் ஆட்டக்காரர் அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. அதைத் தடம் என்றால் யாருக்கும் புரியாது, ‘வண்ணப் பகுதி’ என்று எழுதுவது தேவலை.

கடலில் ஷிப்பிங் லேன் என்றால் கப்பல் தடம். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கு அப்பால் கிழக்கே போகும் கப்பல்களுக்கு ஒன்று, மேற்கே போகும் கப்பல்களுக்கு ஒன்று என்று வரைபடத்தில் பிரித்த தடங்கள் உண்டு. 1972ஆம் ஆண்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் பத்தாவது விதி இதைப் பற்றியது. தடத்தில் சேரும்போதும் விலகும்போதும் முடிந்தவரை சிறிய கோணத்தில் சாய்ந்து வர வேண்டும். குறுக்கே கடப்பதென்றால் கூடுமானவரை செங்குத்தாக வெட்டிப் போக வேண்டும். தார்ச் சாலைக்கும் அப்படியே பொருந்துகிற விதி. கணினிப் பலகையில் தரவு போய்வரும் இணைப்பான ‘பிசிஐ எக்ஸ்பிரஸ் பதினாறு லேன்’ என்பதிலும் இதே படம்தான்: ஒவ்வொரு லேனிலும் தரவு போக ஓர் இணைக் கம்பி, வர ஓர் இணைக் கம்பி, ஆக நான்கு கம்பி.

மரபுத்தொடர்களில்

இங்கே லேன் என்ற சொல்லைத் தமிழாக்கவே வேண்டியதில்லை, பொருளை மட்டும் எடுங்கள். ‘மெமரி லேன்’ என்பதை ‘நினைவுப் பாதையில் பயணித்தார்’ என்று எழுதி எழுதி வாசகருக்கு அலுத்துவிட்டது. பழசை அசைபோட்டார் என்றால் போதும். நிகழ்ச்சித் தலைப்பானால் ‘மலரும் நினைவுகள்’ இருக்கிறது. ‘ஸ்டே இன் யுவர் லேன்’ என்பது உன் வேலையைப் பார், உனக்குத் தெரியாததில் தலையிடாதே என்ற கண்டிப்பு. சற்று மரியாதை குறைந்த பேச்சு, எனவே பெரியவர்கள் வாயில் அறிவுரையாக வைக்கக்கூடாது. ‘லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்’ பரபரப்பை மட்டும் சொல்லவில்லை, ஆபத்தை விலைக்கு வாங்கும் ஆடம்பர வாழ்வையும் சொல்கிறது. ‘காலில் சக்கரம் கட்டிக்கொண்டு’ என்றால் உழைப்பின் அலைச்சல் மட்டுமே வரும். ‘திருப்பமே இல்லாத நீண்ட லேன் கிடையாது’ என்று ஒரு பழமொழி உண்டு. கெட்ட காலம் நீண்டாலும் ஒருநாள் மாறும் என்பது கருத்து. ‘விடியாத இரவு இல்லை’ என்று எழுதிவிடலாம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சில நுணுக்கங்கள். பெயரடையாக வரும்போது லேன் ஒருமையில் நிற்கும்: ‘ஃபோர்-லேன் ரோடு’, நடுவில் சிறுகோடு, ‘ஃபோர் லேன்ஸ் ரோடு’ பிழை. தனியாக எண்ணும்போது மட்டும் பன்மை: ‘த ரோடு ஹேஸ் ஃபோர் லேன்ஸ்’. தெருப்பெயருக்கு முன் பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் ‘இன்’, அமெரிக்க வழக்கில் ‘ஆன்’. சாலைத் தடத்துக்கு இரண்டு நாட்டிலும் ‘இன்’ மட்டும்தான்: ‘இன் த லெஃப்ட் லேன்’. நடந்துபோவதைச் சொல்ல ‘டவுன் த லேன்’ என்பார்கள். சரிவு இருக்க வேண்டியதில்லை. முகவரியில் சுருக்கும்போது எல், என் என்ற இரண்டு எழுத்துகள். எல்லுக்குப் பின் ஐ சேர்த்து எழுதிவிட்டால் அஞ்சல் உறையில் லேன் மறுபடி லைனாகிவிடும்.